போட்ல துப்பாக்கி இருக்கான்னு ஏறுறதுக்கு முன்னாடி கேளுங்க

இலங்கை மலையகத்து பசங்க இப்ப கடல் வேலைக்கும் போறாங்க. எனக்கு தெரிஞ்சே மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கம் சில பேர் இருக்காங்க, மொதல்ல காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் ஹோட்டல் கிச்சன்ல நிப்பாங்க, அப்புறம் அங்க வர்ற வெள்ளக்காரங்களோட பாய்மர யாட்ல சமையலுக்கும் டெக் வேலைக்கும்னு ஏறுவாங்க. நானும் அப்பிடி போனவன் தான். வீட்டுக்கு வந்தா எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு, கடல் கொள்ளக்காரன் வந்தா என்ன செய்வீங்க, போட்ல துப்பாக்கி இருக்குமா? இருக்குன்னு சொன்னா அப்பாடான்னு ஒரு மூச்சு விடுவாங்க. அந்த நிம்மதி தப்பான நிம்மதின்னு தான் நான் நெனைக்கிறேன், ஏன்னு இதுல எழுதுறேன், கொஞ்சம் நீளமா தான் போகும், வேலைக்கு போற தம்பிமார் முழுசா வாசிங்க.

நான் ஏறின போட் ஒரு நாப்பத்தஞ்சு அடி யாட், வயசான கணவன் மனைவி ரெண்டு பேரு தான் சொந்தக்காரங்க. நல்ல மனுசங்க, சம்பளம் சொன்ன மாதிரி குடுத்தாங்க, என்னைய மேசைல ஒண்ணா உக்கார வச்சி தான் சாப்புடுவாங்க. கணவன் தான் கெப்டன், அவருகிட்ட ஒரு 12 போர் பம்ப் சொட்கன் இருந்திச்சி, உருண்டை உருண்டையா சிதறி அடிக்கிற நீளத் துப்பாக்கி. அவரு நாட்டு லைசன்ஸ் இருந்திச்சி, ஒளிச்சி வைக்கல, மொத நாளே எனக்கு காட்டி, இத நீ தொடக்கூடாது, எங்க இருக்குன்னு மட்டும் தெரிஞ்சிக்கன்னு சொன்னாரு. துப்பாக்கி ஒரு லொக்கர்ல பூட்டி, தோட்டா இன்னொரு லொக்கர்ல பூட்டி, சாவி ரெண்டும் ரெண்டு எடத்துல. நெறைய நாட்டுல அப்பிடி வச்சா தான் ஒத்துக்குவாங்க.

தோட்டத்துல பொறந்த நமக்கு துப்பாக்கின்னா வேற ஞாபகம். எங்க பெரியப்பா வெறகு பொறுக்க போன எடத்துல காட்டுப்பன்னிக்கு கட்டி வச்ச கட்டுத்துவக்கு வெடிச்சி கால் போச்சி, இன்னிக்கும் நொண்டி நொண்டி தான் நடக்குறாரு. வச்சவன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும், அவன் பெரியப்பாவ சுடணும்னு வைக்கல, பன்னிக்கு தான் வச்சான். துப்பாக்கி ஒரு எடத்துல இருந்தா அது யாருக்குன்னு வச்சமோ அவனுக்கு தான் வெடிக்கும்னு எந்த கட்டாயமும் இல்ல. நான் கடல்ல பாத்ததும் கிட்டத்தட்ட இதே தான்.

மாலைதீவோட வடக்கு முனையில உலிகமு தீவுல வெளிக்கிட கிளியரன்ஸ் பேப்பர் எடுத்துட்டு கொச்சின் பக்கமா போய்ட்டு இருந்தோம். லட்சத்தீவுல உள்ள மினிக்கோய்க்கும் மாலைதீவுக்கும் நடுவுல எட்டு டிகிரி கால்வாய்ன்னு சொல்ற கடல் இருக்கு, பெரிய கப்பல் எல்லாம் அதுவழியா தான் போகும். பின்னேரம், காத்து கொறச்சல், நாங்க ஒரு அஞ்சு நாட் வேகத்துல, அதாவது மணிக்கு அஞ்சு கடல் மைல், போறோம். ஒரு போட் நேரா எங்கள பாத்து வருது. நீலக் கலர், பழசு, கொடி ஒண்ணும் தெரியல, டெக்ல ஆளுங்க நின்னு கைய ஆட்டி கத்துறாங்க. மேடம், அதாவது கெப்டனோட மனைவி, ஸ்டியரிங்ல, மொகம் வெளுத்துப் போச்சி. கெப்டன் ஒரு வார்த்த பேசல, கீழ எறங்கிட்டாரு, எனக்கு தெரியும் எதுக்கு எறங்குறாருன்னு. சாவி எடுத்து, லொக்கர தொறந்து, அடுத்த லொக்கருக்கு மெத்தைய தூக்கி, தோட்டா எடுத்து போட்டு அவரு மேல வர்றதுக்குள்ள அந்த போட் சத்தம் கேக்குற தூரத்துக்கு வந்திருச்சி.

அப்ப தான் காதுல விழுந்திச்சி. தமிழ்! வலப்பக்கம் போகாதீங்க, தூண்டில் கெடக்கு, தெக்க திருப்புங்கன்னு கத்துறாங்க. கன்னியாகுமரி பக்கம் தூத்தூர்க்காரங்க, சுறா, சூரைன்னு தேடி அரபிக்கடல் முழுக்க வாரக்கணக்கா போற ஆளுங்க. மைல் கணக்குல ஆயிரங்கால் தூண்டில் விட்டிருக்காங்க, எங்க போட் அதுக்கு மேல ஏறிட்டா கயிறு எங்க புரொப்பெலர்ல சுத்தும், அவங்க பொழப்பும் போயிரும், அத சொல்றதுக்கு தான் வேலைய விட்டுட்டு வேகமா ஓடி வந்திருக்காங்க. நான் முன்னாடி ஓடி ரெண்டு கையும் தூக்கி, அண்ணே நான் தமிழ் தான், சிலோன், சொல்லுங்க எந்தப் பக்கம்னு கத்தினேன். அவங்களுக்கு ஒரே ஆச்சரியம், வெள்ளக்காரன் போட்ல தமிழ் பேசுறானேன்னு. அப்புறம் திருப்பினோம், தண்ணி கேட்டாங்க குடுத்தோம், ஒரு சூரை மீன தூக்கி எங்க டெக்ல போட்டாங்க, அன்னிக்கு ராத்திரி அந்த மீன் கொழம்பு தான்.

கெப்டன் சொட்கன வெளிய காட்டல, படிக்கட்டுலயே நின்னாரு, அது அவரோட நிதானம். ஆனா அந்த போட்ல நான் இல்லாம இருந்தா? தமிழ் தெரியாத ஒருத்தருக்கு அந்தக் கத்தலும் கை ஆட்டலும் என்னவா கேட்டிருக்கும்? நான் இதுல மிகைப்படுத்தல. 2012 பெப்ரவரி 15ல கேரளா கடல்ல என்ரிகா லெக்ஸின்னு ஒரு இத்தாலி எண்ணெய்க் கப்பல், அதுல காவலுக்கு நின்ன இத்தாலி கடற்படை ஆளுங்க கொள்ளக்காரங்கன்னு நெனச்சி செயின்ட் அந்தோனின்னு ஒரு மீன்பிடி போட்ட சுட்டாங்க, ரெண்டு மீனவங்க செத்துட்டாங்க, அதுல ஒருத்தர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். சுட்டவங்க பயிற்சி எடுத்த படை ஆளுங்க. பெரிய கப்பலோட உயரத்துல நின்னு, நல்ல கண்ணாடி வச்சி பாத்தும் அவங்களுக்கு மீனவன் யாரு கொள்ளக்காரன் யாருன்னு பிரிக்க முடியல. தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல ஆடிட்டு இருக்குற சின்ன யாட்ல, பயந்து போன ரெண்டு வயசானவங்களால பிரிக்க முடியுமா? நம்ம இந்தியப் பெருங்கடல்ல சின்ன போட்ல கிட்ட வர்றவன் ரொம்பப் பெரும்பாலும் மீனவன் தான். தண்ணிக்கு, சிகரெட்டுக்கு, வல கெடக்குன்னு சொல்ல, சில நேரம் சும்மா வெள்ளக்காரங்கள பாக்கக்கூட வருவான்.

சரி, நெசமாவே கொள்ளக்காரன் வந்தான்னு வைங்க. நேரத்த கணக்கு போட்டு பாருங்க. அவனோட ஃபைபர் போட் இருபத்தஞ்சு நாட் ஓடும், யாட் ஆறு நாட். ரெண்டு கடல் மைல் தூரத்துல கண்டுட்டீங்கன்னா கூட அஞ்சாறு நிமிசத்துல பக்கத்துல வந்துருவான். அந்த மாதிரி சின்ன போட் ராடார்ல ஒழுங்கா விழாது, அலை இருந்தா விழவே விழாது. சொட்கன் உருண்டைத் தோட்டா நாப்பது மீட்டர் போல தான் பிரயோசனம், அவன் கையில உள்ள ஏ.கே. 47 முந்நூறு மீட்டர்ல இருந்தே அடிக்கும், சோமாலியா கொள்ளக்காரங்ககிட்ட தோள்ல வச்சி ரொக்கட் அடிக்கிற ஆர்.பி.ஜி.யும் இருந்திச்சி. யாட்டோட ஃபைபர் சுவர் தோட்டாவ தடுக்காது, உள்ள படுத்திருக்குறவங்க மேலயும் பாயும். குறி பாக்குறது அதவிட கஷ்டம், நோர்வூட் வளைவுல போற கொழுந்து லொறிக்கு பின்னால நின்னுட்டு எதிர் மலையில ஒரு மரத்த குறி வைக்கிற மாதிரி தான், அதுலயும் அந்த மரம் ஓடிட்டே இருக்கும்.

எதிர்த்து சுட்டு தப்பினவங்க இல்லையான்னு கேப்பீங்க. இருக்காங்க, அத மறைக்கக்கூடாது. 2005 மார்ச்ல யேமன் கரைக்கு வெளிய கண்டால்ஃப், மஹ்டின்னு ரெண்டு அமெரிக்க யாட் சேந்து போய்ட்டு இருந்தப்ப ரெண்டு போட்ல ஆளுங்க வந்து ஒட்டோமெட்டிக் துப்பாக்கியால அடிச்சாங்க. மஹ்டில ஒரு சொட்கன் இருந்திச்சி, அதால திருப்பி சுட்டாங்க, கண்டால்ஃப் கொள்ளக்காரன் போட்டோட நேரா கொண்டு போய் மோதிச்சி. யாட்ல இருந்த ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. துப்பாக்கி வேணும்னு சொல்ற யாட்காரங்க எல்லாரும் இந்தக் கதைய தான் சொல்லுவாங்க, எங்க கெப்டனும் சொன்னாரு. நான் அதுல பாக்குறது ரெண்டு போட் ஒண்ணா போனதும், வந்தவங்க சுட்டது மேல படாததும், மோதுறதுக்கு ஒருத்தர் துணிஞ்சதும். சொட்கன் அதுல ஒரு பங்கு தான்.

இன்னொரு பக்கம் சேர் பீட்டர் பிளேக். நியூசிலாந்துக்காரர், 1995லயும் 2000லயும் அமெரிக்கா கப் பாய்மரப் போட்டிய அவங்க நாட்டுக்கு ஜெயிச்சி குடுத்தவர், கடல்ல அவர விட அனுபவசாலி தேடணும். 2001 டிசம்பர்ல பிரேசில்ல அமேசன் வாய்க்கிட்ட மக்காப்பால நங்கூரம் போட்டிருந்தப்ப ராத்திரி முகமூடி போட்ட திருடனுங்க ஏறினாங்க. அவரு ரைஃபிள எடுத்து சுட்டாரு, ஒருத்தன் கையில பட்டிச்சி, அப்புறம் ரைஃபிள் அடைச்சிக்கிச்சி, அவங்க அவர சுட்டுட்டாங்க. கொண்டு போனது சின்ன போட்டுக்கு பின்னால மாட்டுற ஒரு அவுட்போர்ட் எஞ்சினும் வாட்சு மாதிரி சில சாமானும். போட்ல இருந்த மத்தவங்க உசுரோட இருந்தாங்க. நான் அவர குத்தம் சொல்ல மாட்டேன், தன்னோட ஆளுங்கள காப்பாத்த தான் எடுத்தாரு. ஆனா ஒரு எஞ்சினுக்கு போற உசுரான்னு நெனச்சா இன்னும் மனசு கனக்குது. துப்பாக்கி இல்லாம மாட்டினவங்களும் பாடுபட்டாங்க, 2009 ஒக்டோபர்ல சீஷெல்ஸ்ல இருந்து போன லின் ரைவல் யாட்ல இருந்த இங்கிலாந்து கணவன் மனைவிய சோமாலியாவுல 388 நாள் அடைச்சி வச்சாங்க, உசுரோட வந்துட்டாங்க. 2011 பெப்ரவரில குவெஸ்ட் யாட்ல சோமாலியா கொள்ளக்காரங்ககிட்ட மாட்டின நாலு அமெரிக்கரும் கொல்லப்பட்டாங்க. அதனால துப்பாக்கி இல்லன்னா பத்திரம்னு நான் சொல்ல வரல. கொள்ளக்காரங்க இருக்குற பக்கத்துக்கே போகாம இருக்கறது தான் பெரிய பாதுகாப்பு, மத்தது எல்லாம் அதுக்கு கீழ.

ஒரு விசயம், சொட்கனும் உப்புக் காத்தும் ஒத்து வராது. எங்க கெப்டன் அடிக்கடி எண்ணெய் போட்டு தொடைப்பாரு, அப்பிடியும் துரு புள்ளி புள்ளியா வரும், தோட்டாவோட பித்தளை அடி பச்சை புடிக்கும். அவசரத்துல எடுத்தா வெடிக்குமா அடைச்சிக்குமான்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது.

இனி பேப்பர் விசயம். கொள்ளக்காரன ஒருத்தன் வாழ்நாள்ல பாக்காமலே போகலாம், கஸ்டம்ஸ ஒவ்வொரு நாட்டுலயும் பாக்கணும். துப்பாக்கி இல்லாத யாட் அரை நாள்ல முடிக்கிற வேலை எங்களுக்கு நாள் கணக்கா இழுக்கும். துப்பாக்கி நம்பர், தோட்டா எத்தன, எந்தக் கம்பனி, லைசன்ஸ் எப்ப முடியும், எல்லாம் எழுதி குடுக்கணும். நம்ம காலி ஹார்பருக்கு வர்ற யாட்ல உள்ள போறதுக்கு முன்னாடியே நேவி ஏறி பாப்பாங்க, ஏஜென்ட் மூலமா தான் எல்லாம், இருக்குறத இருக்குன்னு சொல்லிட்டா மரியாதையா நடத்துவாங்க. நெறைய நாட்டுல துப்பாக்கிய கரைக்கு கொண்டு போய் வச்சிக்கிட்டு ரிசீட் தருவாங்க, போகும்போது அதே ஹார்பர்ல தான் திருப்பி எடுக்கணும். இதுல தான் பிளான் எல்லாம் கெட்டுப்போகும், நீங்க நாட்டோட மறுபக்கத்துல இருந்து வெளிக்கிட நெனச்சாலும் துப்பாக்கி மொத ஹார்பர்ல கெடக்கும், காத்துக்கு எதிரா திரும்பிப் போகணும். இதுல இன்னொண்ணையும் யோசிங்க, நங்கூரத்துல திருடன் ஏற வாய்ப்பு இருக்குற நேரத்துல துப்பாக்கி கரையில பூட்டிக் கெடக்கு, நடுக்கடல்ல யாரும் இல்லாத எடத்துல தான் உங்க கையில இருக்கு.

ஒரு துறைமுகத்துல, எந்த நாடுன்னு சொல்லல, எண்ணிப் பாத்தப்ப எழுதினத விட ஒரு தோட்டா கொறச்சல். கெப்டன் நடுக்கடல்ல துப்பாக்கி வேல செய்யுதான்னு பாக்க ஒண்ணு சுட்டிருந்தாரு, அத போட்ல அன்னாடம் நடக்குறத எழுதுற லொக் புத்தகத்துல எழுதல. அவங்க விடுவாங்களா? எங்க சுட்ட, யார சுட்ட, தோட்டா யாருக்கு குடுத்தன்னு மூணு பேரையும் தனித்தனியா உக்கார வச்சி கேட்டாங்க. வெள்ளக்காரங்க ரெண்டு பேருக்கும் அவங்க தூதரகத்துக்கு கோல் எடுக்க வழி இருந்திச்சி. எனக்கு? சிலோன் பாஸ்போட், தமிழ் பேரு, துப்பாக்கி இருக்குற போட். எங்கிட்ட கேட்ட கேள்வி வேற மாதிரி இருந்திச்சின்னு மட்டும் சொல்றேன். அவங்க வேலைய அவங்க செஞ்சாங்க, கடைசில விட்டாங்க, ஆனா அந்த ரூம்ல இருந்தப்ப எனக்கு மஸ்கெலியாவுல அம்மா ஞாபகம் தான், ஒரு செய்தி வந்தா அவங்க என்ன ஆவாங்கன்னு. பிறகு கெப்டன் என்கிட்ட மன்னிப்பு கேட்டாரு.

நம்ம மாதிரி வேலையாளுங்களுக்கு இது ஏன் பெரிய விசயம்னா சீமன் கார்ட் ஒஹையோ கதைய எடுத்துக்கங்க. 2013 ஒக்டோபர் 12ல தூத்துக்குடிக்கு வெளிய அந்தக் கப்பல இந்தியா புடிச்சிச்சி, கொள்ளக்காரங்ககிட்ட இருந்து கப்பல்கள காப்பாத்துற கம்பனியோட கப்பல், உள்ள ரைஃபிளும் தோட்டாவும். துப்பாக்கி புடிக்கிற காவல்காரங்க மட்டும் இல்ல, கப்பல்ல வேல செஞ்சவங்களும் சேத்து 35 பேர் மேல கேஸ். 2016 ஜனவரில அஞ்சு வருசம் தண்டனை, 2017 நவம்பர்ல தான் மதுரை ஹைகோர்ட் கிளை எல்லாரையும் விடுதலை செஞ்சிச்சி. நாலு வருசம் போச்சி. கடைசில நிரபராதின்னு வந்தாலும் அந்த நாலு வருசத்த யாரு குடுப்பா, பிள்ளைங்களுக்கு யாரு சாப்பாடு போடுவா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கரையில இருந்து பன்னெண்டு கடல் மைலுக்குள்ள வந்துட்டா அந்த நாட்டு சட்டம், ஐ.நா. கடல் சட்டத்துல 19ஆவது பிரிவுல சும்மா கடந்து போற கப்பல் கூட அந்த எல்லைக்குள்ள ஆயுதத்தால எந்தப் பயிற்சியும் செய்யக்கூடாதுன்னு இருக்கு. அதுக்கு வெளிய நடுக்கடல்ல போட்டோட கொடி எந்த நாட்டுதோ அந்த நாட்டு சட்டம். சிங்கப்பூர்ல லைசன்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா அஞ்சுல இருந்து பத்து வருசம், அதோட பிரம்படியும், ஒரு குத்தம் செய்யும்போது சுட்டா மரண தண்டனை. நம்ம நாட்டுல 1916ஆம் ஆண்டு துப்பாக்கி கட்டளைச் சட்டம் இன்னிக்கும் இருக்கு, லைசன்ஸ வருசா வருசம் புதுப்பிக்கணும், உங்க பேர்ல லைசன்ஸ் இல்லாம கையில வச்சிருந்தா மாட்டிக்குவீங்க. கெப்டன் பேர்ல லைசன்ஸ் இருக்குறது உங்களுக்கு லைசன்ஸ் இருக்குற மாதிரி ஆகாது. அவரு கரைக்கு போய்ட்டு நீங்க போட்ல தனியா இருக்கும்போது அது உங்க கிட்ட இருக்குற மாதிரி தான் கணக்கு பாப்பாங்கன்னு வச்சிக்கங்க.

ஆபத்துக்கு வெளிச்சம் சுடுற ஃபிளேர் கன்ன பத்தியும் ஒண்ணு. சில பேர் அத ஆயுதமா வச்சிக்கலாம்னு சொல்லுவாங்க, அதுக்குள்ள சொட்கன் தோட்டா போடுற குழாயும் விக்கிறாங்க. வேணாம். ஃபிளேர் ஆபத்துல இருக்கோம்னு காட்டுறதுக்கு, பாரசூட் ரொக்கட் முந்நூறு மீட்டர் மேல போய் நாப்பது செக்கன் எரியும், கையில புடிக்கிறது ஒரு நிமிசம் எரியும். போட்டுக்குள்ளயோ பாய் மேலயோ பட்டா உங்க வீடே எரிஞ்சிரும். சில எடத்துல ஃபிளேர் பிஸ்டலையே துப்பாக்கின்னு கணக்கு எடுப்பாங்க. மிளகு ஸ்ப்ரேயும் அப்பிடி தான், இங்கிலாந்துல அது தடை செஞ்ச ஆயுதம்.

அப்ப என்ன தான் செய்றது? நாங்க செஞ்சத சொல்றேன். யாட்ல நடக்குற களவுல பெரும்பாலும் நங்கூரத்துல போறது கரைக்கு போக வச்சிருக்குற சின்ன போட், டிங்கின்னு சொல்லுவாங்க, அதுவும் அவுட்போர்ட் எஞ்சினும் தான். ராத்திரி டிங்கிய தண்ணில விடாம தூக்கி கட்டுங்க, எஞ்சின பூட்டுங்க, பின் ஏணிய மேல எடுத்திருங்க. தூங்கும்போது கதவ உள்ள இருந்து பூட்டுற மாதிரி கம்பி வைங்க, ஜன்னல் மூடிக்கும் கம்பி போட்டா காத்தும் வரும் ஆளும் வர முடியாது. டெக்ல ஒரு பிரகாசமான லைட், உள்ள இருந்தே சுவிட்ச் போடுற மாதிரி. பெரிய ஹோன். திருடன் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் ஓடுவான், அவனுக்கு யார் கண்ணுலயும் படாம போகணும். உள்ள ஏறிட்டான்னா குடுக்க கொஞ்சம் காசும் பழைய ஃபோனும் வேறயா வைங்க. குடுத்து அனுப்புங்க. கெப்டன் மேடம்கிட்ட இத சொன்னப்ப மொதல்ல அவங்களுக்கு பிடிக்கல, திருடனுக்கு காசு எடுத்து வைக்கிறதான்னு, பிறகு அவங்களே ஒரு பேர்ஸ் தச்சி வச்சாங்க.

கடல்ல போகும்போது வி.எச்.எஃப். ரேடியோல ஆபத்துக்கு கூப்புடுற 16ஆம் சனல் எப்பவும் திறந்து இருக்கணும். ரேடியோல சிவப்பு மூடிக்கு கீழ ஒரு பட்டன் இருக்கும், மூடிய தூக்கி சில செக்கன் அமுக்கிப் புடிச்சா உங்க எடத்தோட ஆபத்து செய்தி போகும், சமையல்காரனா ஏறினாலும் அத மொத நாளே கேட்டு தெரிஞ்சிக்கங்க. ஆபத்துல சிக்னல் அனுப்புற ஈபர்ப் கருவி எங்க தொங்குது, எப்பிடி ஒன் பண்றதுன்னும் கேளுங்க, 406 மெகாஹெட்ஸ்ல சட்டலைட்டுக்கு போகும், அது கெப்டன் பேர்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்கான்னும் பாருங்க. அரபிக்கடல் பக்கம் போறதா இருந்தா கப்பல்கள கவனிக்கிற இங்கிலாந்து நேவி ஒஃபிஸ் யூ.கே.எம்.டி.ஓ.வுக்கு முன்னாடியே எழுதி, போற வழி எல்லாம் எடத்த சொல்லிட்டே போகணும். கோலாலம்பூர்ல சர்வதேச கடல்சார் பணியகம், ஐ.எம்.பி.ன்னு சொல்லுவாங்க, அதோட கடல் கொள்ள முறைப்பாட்டு மையம் இருபத்திநாலு மணி நேரமும் திறந்து இருக்கும். பழைய ஆபத்து முடிஞ்சிருச்சின்னு நெனைக்காதீங்க, 2017 மார்ச்ல சோமாலியா கொள்ளக்காரங்க புடிச்ச ஏரிஸ் 13 எண்ணெய்க் கப்பல்ல இருந்த எட்டு பேரும் நம்ம நாட்டுக்காரங்க, 2024 ஜனவரில லொரென்சோ புத்தா 4ன்னு நம்ம நாட்டு மீன்பிடி போட்டையே புடிச்சாங்க, சீஷெல்ஸ்காரங்க போய் ஆறு பேரையும் மீட்டாங்க. செங்கடல்ல 2023 நவம்பர்ல யேமன் ஹூதி படையோட தாக்குதல் வேற தொடங்கிச்சி. அந்தப் பக்கம் போறேன்னு ஒரு கெப்டன் சொன்னா, அவருகிட்ட எத்தன துப்பாக்கி இருந்தாலும் நீங்க எறங்கிருங்க.

இதெல்லாம் இப்ப எழுதக் காரணம் என் சித்தி மகன். பண்டாரவளையில ஹோட்டல் கிச்சன்ல நிக்கிறான், ஜனவரில தாய்லாந்து பக்கமிருந்து காலிக்கு வர்ற ஒரு யாட்ல ஏற கேட்டிருக்காங்க, போட்ல துப்பாக்கி இருக்கு பயப்பட வேணாம்னு கெப்டனே எழுதியிருக்காரு. சித்திக்கு அத வாசிச்சதும் சந்தோசம், மகன் பத்திரமா இருப்பான்னு. நான் அவன உக்கார வச்சி ஒரு மெசேஜ் எழுத வச்சேன். லைசன்ஸ் கொப்பி அனுப்புங்க. இதுவரைக்கும் போன ஒவ்வொரு நாட்டுலயும் சொல்லி பதிஞ்ச பேப்பர் அனுப்புங்க. நான் துப்பாக்கிய தொடவோ சுத்தம் செய்யவோ சாவி வச்சிருக்கவோ மாட்டேன், அது ஒப்பந்தத்துல இருக்கணும். நீங்க கரைக்கு போற நேரம் துப்பாக்கி போட்ல இருந்தா நான் தனியா காவல் நிக்க மாட்டேன். கிட்ட ஒரு போட் வந்தா துப்பாக்கி எடுக்க முன்னாடி நான் மொதல்ல கூப்புட்டு பேசுவேன், தமிழும் சிங்களமும் எனக்கு தெரியும், அது உங்களுக்கும் பிரயோசனம். இத கேட்டா வேலை போயிருமோன்னு அவன் பயந்தான். போகட்டும்டா தம்பி, ஒழுங்கான கெப்டன் இந்த மாதிரி கேக்குற பையன தான் தேடுவாருன்னு சொன்னேன்.

ரெண்டு நாள்ல பதில் வந்திச்சி. லைசன்ஸ் கொப்பி வந்திருக்கு, தேதி இருக்கு, நம்பர் தெளிவா இருக்கு. ஒப்பந்தத்துல எழுதவும் சரின்னுட்டாரு, தமிழ் தெரிஞ்ச ஆள் கெடச்சது நல்லதுன்னும் எழுதியிருக்காரு. மத்த நாட்டுல பதிஞ்ச பேப்பர் மட்டும் இன்னும் வரல, தேடி அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு. அது கையில வர்ற வரைக்கும் ஹோட்டல் வேலைய விட வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன்.